உங்களைச் சொல்லவில்லை

பெருமதிப்புக்குரிய அக்கா அவர்களுக்கு, அன்பும் அடக்கமும் உள்ள தம்பி எழுதிக்கொள்வது. (அடக்கம் சமீபத்தில்தான் வந்தது.)

இங்கே எல்லோரும் நலம் என்று ஆரம்பிப்பதுதான் முறை. ஆனால் யோசிக்காமல் எழுதிப் பட்டது போதும் என்பதால், நலமாக இருப்பவர்களை மட்டும் குறிப்பிடுகிறேன். உங்கள் தம்பி மனைவி நலம். சின்னவள் நலம். போன மாதம் ஒழுகிக்கொண்டிருந்த குளியலறைக் குழாய் இப்போது நலம். அங்கே நீங்களும் அத்தானும் அத்தானின் முழங்காலும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கைப்பேசி இருக்கும்போது இவன் ஏன் காகிதத்தில் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். கைப்பேசி அரிசி டப்பாவுக்குள் இருக்கிறது. தண்ணீரில் விழுந்த கைப்பேசியை அரிசியில் போடுவார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இது விழவில்லை. விழுந்தது நான். “உங்க கை அடங்கற வரைக்கும் இது இங்கதான் இருக்கும்” என்று சொல்லி உங்கள் தம்பி மனைவி உள்ளே புதைத்துவிட்டாள். அதற்கு முன் ஒருநாள் நீங்கள் தொலைபேசியில் அழைத்தபோதே நடந்ததைச் சொல்ல நினைத்தேன். ‘அக்கா, அது வந்து’ என்பதைத் தாண்ட முடியவில்லை. கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது என்பதால் முதலிலிருந்து எழுதுகிறேன்.

அக்கா, எங்கள் பள்ளி வாசலை நீங்கள் பார்த்ததில்லை. தெரு ஒரு பேருந்து போகும் அகலம். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட வருகிற பெற்றோர் இறக்கிவிட்ட கையோடு போக வேண்டாமா? மாட்டார்கள். மருந்துக்கடைக்காரர் வண்டியை நடுரோட்டில் நிறுத்திவிட்டு இன்னொருவரின் இருமலுக்கு வைத்தியம் சொல்லிக்கொண்டிருப்பார். வக்கீலம்மா காருக்குள் இருந்தபடியே கட்சிக்காரரோடு போனில் சண்டை போடுவார். எங்கள் நிர்வாகக் குழுச் செயலாளர், பேரனைக் கொண்டுவந்து விடுகிற சாக்கில், தன் நீளமான காரைத் தெருவுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு இறங்கி எல்லோரிடமும் நலம் விசாரிப்பார். அன்றைக்கு இவர்கள் எல்லோருக்கும் பின்னால் என் ஸ்கூட்டர் மாட்டிக்கொண்டது. நானும் ஹாரன் அடித்தேன், கையை ஆட்டினேன், தலைக்கவசத்தைக் கழற்றி நான் யார் என்று காட்டியும் பார்த்தேன். “குட்மார்னிங் சார்” என்றார்களே தவிர யாரும் நகரவில்லை. ஒருவழியாக உள்ளே போனால் காலைக் கூட்டம் தொடங்கி, எனக்குப் பதிலாக உடற்கல்வி ஆசிரியர் உரையாற்றிக்கொண்டிருக்கிறார். பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கு ஒருநாளும் தட்டியதில்லை.

அந்த எரிச்சலோடு அறைக்குள் போய் உட்கார்ந்தேன். ‘தலைமையாசிரியர் மேசையிலிருந்து’ என்று முகநூலில் என் பக்கம் ஒன்று இருப்பது உங்களுக்குத் தெரியும். வழக்கமாக அதில் நல்லொழுக்கம்தான் எழுதுவேன், நாலு பேர் பார்ப்பார்கள், அதில் ஒருவர் நீங்கள். அன்றைக்கு நல்லொழுக்கம் வரவில்லை. இப்படி வந்தது: “பள்ளி வாசலில் வண்டியை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு உலகக்கதை பேசும் சில ஜென்மங்களைப் பார்க்கையில் எனக்கோர் ஐயம். இவர்களின் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாததற்குக் காரணம் ஆசிரியரா, பரம்பரையா?” எழுதி முடித்ததும் அந்த ‘எனக்கோர் ஐயம்’ எனக்கே பிடித்துப்போய்விட்டது. படம் இருந்தால்தான் பார்ப்பார்கள் என்று உடற்கல்வி ஆசிரியர் எப்போதோ சொன்னது நினைவுக்கு வர, சாலையை மறித்து எருமைகள் நிற்கிற படம் ஒன்றையும் தேடிச் சேர்த்தேன். ‘நறுக்கென்று சொன்னீர்கள் ஐயா’ என்று முதல் கருத்து அவருடையது. முதல் விருப்பக்குறி உங்களுடையது. எருமைப் படம் அழகாக இருந்ததால் போட்டேன் என்று பிறகு நீங்கள் சொன்னதை நான் நம்புகிறேன். மற்றவர்கள் நம்பவில்லை.

மதியத்துக்குள் ஊரே படித்துவிட்டது. நல்லொழுக்கத்துக்கு வராத கூட்டம் பரம்பரைக்கு வந்தது. பயந்துபோய் ஒரு விளக்கம் போட்டேன். “இப்பதிவு எவரையும் குறிப்பிடுவது அன்று. புரிய வேண்டியவர்களுக்குப் புரியும்.” இரண்டாவது வாக்கியம் எதற்கு என்று கேட்காதீர்கள். ஓசை நன்றாக இருந்தது. அதைப் பார்த்துவிட்டு, அதுவரை சும்மா இருந்தவர்களுக்கும் புரிந்துவிட்டது. உடற்கல்வி ஆசிரியர் தன் கருத்தை அழித்துவிட்டு விடுப்பில் போனார்.

மறுநாள் காலை செயலாளர் என் அறைக்கே வந்துவிட்டார். வழக்கமாக என்னைத்தான் கூப்பிட்டு அனுப்புவார். உட்காரவும் இல்லை.

“சார், நேத்து என் வண்டியும் நடுவுலதான் நின்னுது. என்னைச் சொன்னீங்களா?”

“ஐயோ, உங்களையா! உங்களைச் சொல்லல சார். வேற சிலர்.”

சத்தியமாகச் சொல்கிறேன் அக்கா, அதை எழுதும்போது என் மனக்கண்ணில் நின்றது அவர் கார்தான். ஆனால் நான் அப்படிச் சொன்னதும் அவர் முகம் தெளிந்தது. “அதானே பார்த்தேன். ஆனா ஒண்ணு. இந்தப் பதிவால ஒரே ஒரு புள்ள பள்ளியை விட்டுப் போனாலும், அது பின்னாடியே நீங்களும் போயிடணும். அதுக்கு மேல என்னால தாங்க முடியாது” என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டுக் கடன் பாதிகூடக் கழியாத நேரத்தில் இந்த வேலை போனால் என்ன ஆகும் என்று மனக்கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆனாலும் பிழைக்கும் வழி கிடைத்துவிட்டதாகவே நினைத்தேன். ‘உங்களைச் சொல்லவில்லை’ என்று சொன்னால் போதும், மனிதர்கள் குளிர்ந்துவிடுகிறார்கள்.

அப்புறம் என்ன, கடை கடையாக, வாசல் வாசலாக ஏறி இறங்கினேன். மருந்துக்கடைக்காரரிடம் உங்களைச் சொல்லவில்லை என்றேன், தலைவலி மாத்திரை இனாமாகக் கொடுத்தார். வக்கீலம்மாவிடம் உங்களைச் சொல்லவில்லை என்றேன், எனக்கு எதிராக எழுதி வைத்திருந்த நோட்டீசைக் கிழித்துக் காட்டினார். கோபித்துக்கொண்ட ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரிடமும் சொல்லியாயிற்று. யாருக்கும் ‘அப்படியானால் யாரைத்தான் சொன்னீர்கள்’ என்று கேட்கத் தோன்றவில்லை. அன்று சாயங்காலம் வீட்டில் நான் பாட்டுக்கூடப் பாடினேன், வேண்டுமானால் சின்னவளைக் கேளுங்கள்.

வினை பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. ‘என்னைச் சொல்லலைன்னு சார் நேர்லயே வந்து சொல்லிட்டார்’ என்று மருந்துக்கடைக்காரர் பெருமையாக எழுதினார். ‘என்கிட்டயும்’ என்றார் வக்கீலம்மா. எங்களிடமும், எங்களிடமும் என்று ஒவ்வொருவராகக் கையைத் தூக்கிவிட்டார்கள். கடைசியில், நான் போய்ச் சொல்லாத ஆள் அந்தக் குழுவில் ஒரே ஒருவர்தான் மிஞ்சினார்.

அவர் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். மகள் நாலாம் வகுப்பு. அக்கா, அவரிடம் நான் ஏன் போகவில்லை என்றால், அவர் கோபித்துக்கொள்ளவே இல்லை. கோபித்துக்கொள்ளக் காரணமும் இல்லை. அந்த வாசலில் பிள்ளையை ஓரமாக இறக்கி, பையைத் தோளில் மாட்டிவிட்டு, அடுத்த நொடி கிளம்பிப் போகிற ஒரே மனிதர் அவர்தான். நான் உண்மையிலேயே சொல்லாத ஒரே ஆள். அவரிடம்தான் உங்களைச் சொல்லவில்லை என்று சொல்லாமல் விட்டிருந்தேன்.

மறுநாள் வேலை உடுப்போடு என் அறை வாசலில் வந்து நின்றார். உட்காரச் சொன்னேன். நாற்காலியில் கிரீஸ் பட்டுவிடும் என்று நின்றுகொண்டே பேசினார்.

“சார், பாப்பாவுக்கு டி.சி. வேணும்.”

செயலாளர் சொன்ன அந்த ஒரே ஒரு பிள்ளை இதுதான்.

“ஏங்க, என்ன ஆச்சு?”

“ஒண்ணுமில்ல சார். எல்லாரையும் இல்லைன்னு சொல்லிட்டீங்க. மிச்சம் நான்தானே. நீங்க எழுதினதுல தப்பும் இல்ல. எங்கப்பா பள்ளிக்கூடமே போகல. நான் எட்டாவதோட நின்னுட்டேன். ஆனா பாப்பா நல்லாத்தான் சார் படிக்குது. பரம்பரைன்னு நீங்களே எழுதினதைப் பெரியவளானதும் அது படிச்சுதுன்னா, அதுக்கே சந்தேகம் வந்துடும்ல?”

அவர் கோபமாகப் பேசியிருந்தால் சமாளித்திருப்பேன். நம் அப்பா மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர் என்பது, எனக்கோர் ஐயம் என்று எழுதியபோது எனக்கு ஏன் நினைவுக்கு வரவில்லை அக்கா? அந்த நிமிடம் வேலை, செயலாளர், வீட்டுக் கடன் எல்லாம் மறந்துபோயிற்று. வெட்கம் பிடுங்கித் தின்றது.

“ஐயா, நிஜமா உங்களைச் சொல்லல” என்றேன்.

“எல்லார்கிட்டயும் அதைத்தானே சார் சொன்னீங்க” என்றார்.

ஊர் முழுக்கச் செலவழித்துவிட்டு வந்த வார்த்தை, வேண்டிய இடத்தில் செல்லவில்லை. காலையில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். வீட்டுக்கு வந்து உங்கள் தம்பி மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமலே கேட்டாள்.

“நீங்க யாரைச் சொன்னீங்களோ, அவங்ககிட்ட போய் உங்களைத்தான் சொன்னேன்னு சொல்லிடுங்க. அப்பதான் அவர் நம்புவார்.”

“வேலை போயிடுமே!”

“டி.சி. குடுத்தாலும் போகத்தானே போகுது.”

வெங்காயம் இரண்டு பேர் கண்ணிலும் பட்டிருந்தது.

காலையில் பதிவை அழிக்கச் சொல்லி அவளிடம் கைப்பேசியைக் கொடுத்துவிட்டு (அப்போதுதான் அது அரிசிக்குள் போனது), பள்ளி வாசலில் போய் நின்றேன். லிஃப்ட்காரர் வந்ததும், “கொஞ்சம் பக்கத்துல நில்லுங்க, அப்புறம் டி.சி. தர்றேன்” என்றேன். முதலில் மாட்டியவர் மருந்துக்கடைக்காரர்.

“சார், அன்னைக்கு உங்களைச் சொல்லலைன்னேன்ல? பொய். உங்களைத்தான் சொன்னேன். பரம்பரைன்னு எழுதினது பெரிய தப்பு, அதுக்கு மன்னிச்சுடுங்க. ஆனா வண்டியை நடுவுல விட்டது நீங்கதான்.”

அவர் முகம் கறுத்தது. பிறகு பின்னால் நின்ற காரைப் பார்த்தார். “வக்கீலம்மாவையுமா?”

“அவங்களையும்தான்.”

“அப்ப சரி” என்றார். அவ்வளவுதான் அக்கா! தன்னைச் சொன்னதில் அவருக்கு இருந்த வருத்தம், பக்கத்து ஆளையும் சொன்னதில் கரைந்துவிட்டது. வக்கீலம்மா மட்டும், “நீங்க இப்போ சொன்னதை எழுதிக் குடுப்பீங்களா?” என்று கேட்டார். “எழுதறதை விட்டுட்டேன்மா” என்றேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. இப்படி ஒவ்வொருவராக உங்களைத்தான், உங்களைத்தான் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். திட்டியவர்களும் உண்டு, அதை உங்களுக்கு எழுத முடியாது. லிஃப்ட்காரர் முதலில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். போகப் போக நிமிர்ந்தார்.

அப்போது நீளமான கார் வந்து, வழக்கம்போலத் தெருவுக்குக் குறுக்கே நின்றது. செயலாளர் பேரனோடு இறங்கினார்.

“என்ன சார், வாசல்ல கூட்டம்?”

லிஃப்ட்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “சார், முதல்ல உங்களைத்தான் சொன்னேன்” என்றேன். “மத்தவங்கல்லாம் உங்களுக்கு அப்புறம்தான்.”

செயலாளர் என்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார், காருக்குப் பின்னால் நிற்கிற வண்டிகளைப் பார்த்தார். பிறகு ஓட்டுநரிடம், “அதை ஓரமா போடுப்பா” என்றார். என்னிடம் வந்து, “யாராவது டி.சி. கேட்டாங்களா?” என்று மெல்லக் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் லிஃப்ட்காரர், “இல்ல சார், யாரும் கேக்கல” என்று சொல்லிவிட்டு, மகளின் பையை அவள் தோளில் மாட்டி உள்ளே அனுப்பினார். அடுத்த நொடி கிளம்பிப் போயும்விட்டார். நன்றி சொல்லக்கூட எனக்கு நேரம் தரவில்லை.

வேலை தப்பியது அக்கா. ஆனால் இனி தினமும் காலையில் விசிலோடு வாசலில் நின்று வண்டிகளை ஒழுங்குபடுத்துவது தலைமையாசிரியர் பொறுப்பு என்று செயலாளர் உத்தரவு. காலைக் கூட்டத்தில் பேசுவது நிரந்தரமாக உடற்கல்வி ஆசிரியர். விசில் அவருடையது.

ஆக, எனக்குப் புத்தி வந்துவிட்டது. கோபத்தில் எதையும் எழுதக் கூடாது, எழுதினாலும் உடனே அனுப்பக் கூடாது, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பப் படிக்க வேண்டும் என்று அன்று தொலைபேசியில் நீங்கள் பலமுறை சொன்ன அறிவுரையை இனி உயிருள்ளவரை மறக்க மாட்டேன். முக்கியமாக, ‘சிலர்’ என்ற சொல்லை இனி தொடுவதே இல்லை.

அத்தானுக்கும் அவர் முழங்காலுக்கும் என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உங்கள் கோபம் தணிந்ததும் ஒரு வரி எழுதுங்கள்.

என்றும் உங்கள் சொல் தட்டாத
தம்பி

பின்குறிப்பு: நான் திருந்திவிட்டதாக நம்பி இன்று காலை கைப்பேசியை அரிசியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டாள். இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்ப்பதற்குள் சிறிய பதிவு ஒன்று தோன்றியது. நீங்கள் சொன்னபடியே ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பப் படித்தேன். மிக நன்றாக இருந்ததால் போட்டுவிட்டேன். “அக்கறை என்ற பெயரில் தொலைபேசியில் அழைத்து, எதிராளியை வாயே திறக்கவிடாமல் மணிக்கணக்கில் பொழியும் சில அக்காக்களைப் பற்றி எனக்கோர் ஐயம்” என்று தொடங்கும். ஒலிபெருக்கிப் படம் ஒன்றும் சேர்த்திருக்கிறேன், நன்றாக அமைந்திருக்கிறது. யாராவது உங்களிடம் காட்டினால் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு அக்கா என்று இருப்பது நீங்கள் ஒருவர்தான் என்றாலும், சத்தியமாக உங்களைச் சொல்லவில்லை.