பறந்துபோன கள்ளுக்கடை

அன்பும் சுறுசுறுப்பும் நிறைந்த என் தங்கை மகள் டெல்ஃபினாவுக்கு, புவெனஸ் அயர்ஸ் நகரத்தில் தையல் இயந்திரத்தின் முன்னால் குனிந்து உட்கார்ந்திருக்கும் உனக்கு, கொச்சபாம்பா பள்ளத்தாக்கிலிருந்து உன் மாமா எவரிஸ்டோ ரோச்சா தன் சொந்தக் கையாலேயே எழுதிக்கொள்வது. நான் சொல்லச் சொல்ல யாரும் எழுதவில்லை. மேலே உள்ள ஒவ்வொரு எழுத்தும் நானே போட்டது. சந்தேகமிருந்தால் கோணலைப் பார்த்துத் தெரிந்துகொள்.

இங்கே நான் நலம். உழவு மாடு இரண்டில் உபதேசியார் நலம். பிஷப்பும் நலம்தான், ஆனால் இரண்டு நாளாகத் தலையைத் தூக்கமாட்டேன் என்கிறார். அதன் காரணத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உன் நலமும் உன் வீட்டுக்காரர் நலமும் அறிய ஆவல். முதியோர் வகுப்பு ஆசிரியை நெல்வா, பேச்சு முடிந்த இடத்தில் புள்ளி வை என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார். நான் பேச ஆரம்பித்தால் எப்போது முடிப்பேன் என்பது உனக்குத் தெரியும். ஆகையால் சில இடங்களில் புள்ளி தாமதமாக வரும், பொறுத்துக்கொள்.

முதலில் என் நன்றி. 'மாமா, தூரத்துல இருக்கிறதெல்லாம் உங்களுக்குத் தெரியிற மாதிரி ஒண்ணு அனுப்புறேன்' என்று போனில் சொன்னாயல்லவா, அது வந்து சேர்ந்தது. பேருந்துக்காரர் சாலையோரக் கடையில் இறக்கிவிட்டுப் போன பெட்டியைக் கடைக்கார ஹசிந்தோ மேசைமேல் தூக்கி வைத்து, கடையிலிருந்த எல்லோருக்கும் கேட்கும்படி, "பெருசு, நீதான் இப்பப் பள்ளிக்கூடம் போறியாமே, இது யாருதுன்னு படிச்சுச் சொல்லு பாப்போம்" என்றான். நான் பெட்டியை மூக்கோடு ஒட்டிப் பார்த்தேன், கையை நீட்டி எட்டப் பிடித்துப் பார்த்தேன், வெயிலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன், கடைசியில் எழுத்துகள் ஒவ்வொன்றாக இரக்கப்பட்டு முன்னால் வந்தன. எவரிஸ்டோ. அதற்குப் பக்கத்தில் ரோ. எவரிஸ்டோ ரோ என்று படித்ததுமே எனக்குக் கண் கலங்கி, மீதி எழுத்தெல்லாம் தண்ணீரில் மிதந்துபோயின. இத்தனை வயதுக்குப் பிறகு தன் பெயரைத் தானே படித்தவனுக்கு மீதி எதற்கு? "என்னோடது!" என்று கத்தினேன். கடையே கைதட்டியது. ஹசிந்தோ ஒரு சோடாவை உடைத்துக் கொடுத்தான், காசு வாங்கவில்லை. அவன் குணம் உனக்குத் தெரியும், அதனால் அது எவ்வளவு பெரிய நிகழ்ச்சி என்று நீயே யோசித்துக்கொள்.

உள்ளே இருந்தது ட்ரோன். நான்கு விசிறியும் ஒரு கண்ணும் உள்ள கருப்பு வண்டு. பெட்டியைக் கோழிக்கு அடைகாக்கக் கொடுத்துவிட்டு, ட்ரோனைத் துணியில் முடிந்து முதுகில் கட்டிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். நெல்வா அதை எப்படி ஏற்றுவது, எப்படி இறக்குவது என்று காட்டிக்கொடுத்தார். நல்ல பெண். மனிதர்கள் தலைக்கு மேலே பறக்கவிடாதீர்கள் என்று மட்டும் சொன்னார். நானும் சரி என்றேன். மனிதர்கள் என்னைத் தேடி வருவார்கள் என்று எங்கள் இருவருக்கும் அப்போது தெரியாது.

அந்த வாரம்தான் பிஷப் காணாமல் போனார். முதல் மழை விழுந்து மண் வெண்ணெயாக இருக்கிறது, ஊரே மக்காச்சோளம் விதைக்கிறது, நான் நுகத்தின் ஒரு பக்கம் உபதேசியாரைப் பூட்டிவிட்டு மறுபக்கத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். ஈரம் காய்வதற்குள் பிஷப் கிடைக்காவிட்டால் இந்த வருடம் எனக்கு விளைச்சல் கிடையாது, அவ்வளவுதான் கதை. கால் நடந்து தேடக்கூடிய இடமெல்லாம் தேடிவிட்டேன். அப்போதுதான் உன் ட்ரோன் நினைவுக்கு வந்தது. தூரத்தில் இருப்பதெல்லாம் தெரியும் என்று நீதானே சொன்னாய்?

ஒரே ஒரு சிக்கல். அது மேலே போனதும் என் கண்ணுக்குக் கொசுவாகிவிடுகிறது, பிறகு கொசுவும் இல்லை. ஆகவே நான் யோசித்து, உன் அத்தை விட்டுப்போன வெள்ளைத் தலையணை உறையைக் கிழித்து அதன் வயிற்றில் ஒரு நீளத் துண்டாகக் கட்டித் தொங்கவிட்டேன். பளிச்சென்று தெரிந்தது. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு, ஆற்றைக் கடந்து, அக்கரை ஊருக்குள் அதைப் பார்த்தபடியே நடந்தேன்.

கையிலிருந்த திரையில் உலகம் கஞ்சித்தண்ணீர் மாதிரி தெரிந்தது. அதில் பழுப்பாக ஒன்று அசைந்தது. பிஷப்! உடனே இறக்கினேன். அது பிஷப் இல்லை, ஆற்றங்கரையில் கம்பளி அலசிக்கொண்டிருந்த ஒரு பெண்மணியின் பழுப்புப் பாவாடை. அவர் பாவாடையை இறுக்கிக்கொண்டு, தண்ணீர் சொட்டும் கம்பளியோடு என்னை நோக்கி வந்தார்.

"ஏன்யா, கிழவனாகியும் இந்தப் புத்தி போகலையா? மேல இருந்து என்னத்தப் பாக்குற?"

"அம்மா, நான் பிஷப்பைத் தேடுறேன்" என்றேன்.

"பிஷப்பு என் பாவாடைக்குள்ளயா இருக்காரு?"

ஈரக் கம்பளி எவ்வளவு கனம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். தோளில் இன்னும் வலி இருக்கிறது.

சற்றுத் தள்ளி இன்னொரு பழுப்பு. அசையவில்லை, படுத்திருக்கிறார் என்று நினைத்தேன். அது செங்கல் குவியல். அண்ணன் தம்பிகள் சிலர் வீட்டுக்கு மேல்மாடி கட்டிக்கொண்டிருந்தார்கள். ட்ரோனைக் கண்டதும் ஒருவன் தார்ப்பாயை எடுத்து மாடியைப் போர்த்த ஓடினான், இன்னொருவன் கரண்டியில் சிமெண்டோடு என் முன்னால் வந்து நின்றான்.

"நகராட்சியில இருந்து அளக்க வந்தியா? எழுதிக்கோ, அது மாடி இல்ல. கோழிக்கூடு."

"சன்னலுக்குக் கண்ணாடி போட்டிருக்கே தம்பி" என்றேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"எங்க கோழிங்க வேடிக்கை பாக்கும்! உனக்கென்ன?" என்று கரண்டியை ஓங்கினான். நான் பிஷப்பைத்தான் தேடுகிறேன் என்றேன். "வீட்டு வரிக்குப் பிஷப்பையும் கூட்டிட்டு வராங்கடா!" என்று அவன் உள்ளே பார்த்துக் கத்த, மாடியிலிருந்து மணல் கொட்டியது. ஓடினேன் டெல்ஃபினா. கையில் விசைப்பெட்டி, கண் வானத்தில், கால் எங்கே போகிறதென்று காலுக்கே தெரியாது.

மேட்டில் ஏறி மூச்சு வாங்கித் திரும்பிப் பார்த்தால், பின்னால் ஒரு கூட்டம் வருகிறது. எனக்கு முன்பின் தெரியாத ஆண்கள். மண்வெட்டியோடு சிலர், சும்மா சிலர், எல்லோர் முகத்திலும் கோபம். நான் நின்றால் நிற்கிறார்கள், ட்ரோன் நகர்ந்தால் நடக்கிறார்கள். எல்லோருக்கும் முன்னால், தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்ட, என் வயதுள்ள ஒருவர் தோளில் கவணோடு வந்தார். லாமா மேய்ப்பவர்கள் சுழற்றுகிற அதே கம்பளிக் கவண். "யோவ்! ஆத்தங்கரையில இருந்து உன் கொடி பின்னாடி நடக்கிறோம். கடையை எங்கதான்யா வச்சிருக்க?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீ ஊரைவிட்டுப் போய் நாளாகிவிட்டதால் மறந்திருப்பாய். இங்கே ஒரு வீட்டில் சிச்சா என்கிற சோளக் கள் புளித்துத் தயாரானால் கம்பில் வெள்ளைத் துணி ஏறும். அதைப் பார்த்தால் எவன் வீட்டுக்குள்ளும் எவனும் கேட்காமல் நுழைந்து குடிக்க உட்காரலாம். நான் என் கண்ணுக்காகக் கட்டிய தலையணை உறை, அந்தப் பள்ளத்தாக்கின் தாகத்தையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறது. வானத்தில் ஒரு கள்ளுக்கடை பறக்கிறது, நெருங்கினால் நகர்ந்துபோகிறது, அவர்கள் வேறென்ன செய்வார்கள்?

"கடை இல்லீங்க" என்றேன்.

"கொடி ஏத்தினவன் ஊத்தணும். இதுதான் எங்க ஊரு சட்டம்."

"இது தலகாணி உறைங்க."

"தலகாணி எதுக்கு வானத்துல பறக்குது?" என்றார் இன்னொருவர். பின்னாலிருந்து ஒரு குரல்: "கெழவன் குடிச்சு முடிச்சிட்டுத்தான் வந்திருக்கான், எங்களுக்கு மட்டும் இல்லையாம்!"

கவண்காரர் அதற்குமேல் பேசவில்லை. குனிந்து ஒரு கல் பொறுக்கினார், கவணில் வைத்தார், தலைக்கு மேலே சுழற்றினார், விட்டார். அந்தக் கல்லைப் பற்றி உண்மையைச் சொல்லியாக வேண்டும், அவ்வளவு அழகான கல்லை நான் பார்த்ததில்லை. ட்ரோன் டக்கென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு, நான்கு விசிறியும் நான்கு திசையில் போக, சப்பாத்திக்கள்ளிப் புதருக்குள் விழுந்தது. கூட்டம் விசில் அடித்தது. எனக்கே கைதட்ட வேண்டும்போல இருந்தது, ஆனால் என் ட்ரோன் அல்லவா, அடக்கிக்கொண்டேன்.

"உன் பேரு என்ன?" என்றார் கவண்காரர்.

"எவரிஸ்டோ."

கவண் கீழே இறங்கியது. "என்ன பேரு சொன்ன?"

"எவரிஸ்டோ."

"நானும் எவரிஸ்டோதான்யா!"

பிறகு என்ன, ஒரே பெயர்க்காரன் எதிரில் வந்தால் அவன் தொக்காயோ, கூடப் பிறந்தவனுக்குச் சமம். அவனோடு சண்டை போட்டால் தன்னோடேயே சண்டை போட்ட மாதிரி. தொக்காயோ என் தொப்பியை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு, தன் தொப்பியை எனக்கு மாட்டிவிட்டு, "முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா தொக்காயோ, கல்லைக் கொஞ்சம் தள்ளி விட்டிருப்பேனே" என்று என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். கள்ளிக்குள் கையை விட்டு வெள்ளைத் துணியை அவரே எடுத்துக் கொடுத்தார். ஆனாலும் சட்டம் சட்டம்தான், கூட்டம் நகரவில்லை. நான் ஊற்றியாக வேண்டும், அல்லது ஊற்றுகிற இடத்தைக் காட்டியாக வேண்டும். "ப்ருடென்சியா அக்கா வீட்டுக்குப் போவோம், பானை வச்சிருக்குன்னு கேள்வி" என்று தொக்காயோ வழிகாட்ட, எல்லோரும் அங்கே போய் இறங்கினோம்.

ப்ருடென்சியா அம்மா இடுப்பில் கை வைத்து வாசலில் நின்றார். "வாங்கடா வாங்க. நேத்துக் காத்துல என் கொடி பிஞ்சு போச்சு, ஒரு பய எட்டிப் பாக்கல. எவனோ வானத்துல கொடி விடுறானாமே, அங்க போய்க் குடிக்க வேண்டியதுதானே?" எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் தொக்காயோவைப் பார்த்தேன். அவர் என் தொப்பிக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார்.

சுரைக்குடுக்கையில் ஊற்றிக் கொடுத்தார்கள். முதல் சொட்டை மண்ணுக்கு விட்டுவிட்டுக் குடித்தோம். இரண்டாவது குடுக்கையில் தொக்காயோவின் முகம் மாறியது. "கடல் தாண்டி வலென்சியாவுல இருக்கான் என் மகன். எனக்கு ஒரு சாமான் அனுப்பினேன், அனுப்பினேன்னு போன்ல சொல்றான். வந்து சேரல. அனுப்பியிருந்தா வந்திருக்காதா? பெத்த அப்பனுக்கே பொய் சொல்றான் தொக்காயோ, அவன் என்னை மறந்தே போயிட்டான்." நான் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன். ஆறுதலாக இருக்கட்டுமே என்று உன்னைப் பற்றி எடுத்துச் சொன்னேன்: "என் தங்கச்சி மகளைப் பாருங்க, சொன்னா சொன்னபடி வந்து சேரும். எல்லாம் வளர்ப்புலதான் இருக்கு தொக்காயோ." அவர் இன்னும் கொஞ்சம் அழுதார்.

அப்போது கொல்லைப்பக்கத்திலிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது. அந்தப் பெருமூச்சு எனக்குத் தெரியும். எழுந்து ஓடினேன். வடித்த சோளச் சக்கையைக் கொட்டி வைத்திருந்த தொட்டிக்குப் பக்கத்தில், மூக்கெல்லாம் நுரையோடு, கால் நான்கையும் பரப்பிக்கொண்டு பிஷப் படுத்திருந்தார். என்னைப் பார்த்தார், அடையாளம் தெரியவில்லை.

"உங்க மாடா? மோப்பம் புடிச்சு தானா வந்துச்சு, நான் கூப்பிடல" என்றார் ப்ருடென்சியா அம்மா. "குடிக்க ஆளில்லாம சக்கைதான் மிஞ்சிச்சு, அதுவாவது தின்னட்டுமேன்னு விட்டேன். இவனுங்களை மாதிரி சண்டை போடல, பாட்டுப் பாடல. நல்ல வாடிக்கை."

பிடித்து இழுத்தோம், தள்ளினோம், எல்லோருமாகச் சேர்ந்து வாலை முறுக்கினோம். பிஷப் கண்ணைத் திறந்து எங்களை ஆசீர்வதிப்பதுபோலப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார். தொக்காயோதான் வழி கண்டுபிடித்தார். என் தலையணைத் துண்டை ஒரு கம்பில் கட்டி பிஷப்பின் முகத்துக்கு நேரே ஆட்டினார். பிஷப் எழுந்தார். ஆமாம் டெல்ஃபினா, அங்கே தங்கிய நாட்களில் வெள்ளைக் கொடிக்கு என்ன பொருள் என்று அவரும் படித்துவிட்டார், எங்கள் வீட்டில் இப்போது படித்தவர்கள் இரண்டு பேர். தொக்காயோ கொடியோடு முன்னால் நடக்க, பிஷப் தள்ளாடியபடி பின்னால் வர, ஆற்றைக் கடந்து வீடு வந்தோம். திரும்பிப் பார்த்தால் அந்தக் கூட்டமும் கொடிக்குப் பின்னாலேயே வந்திருக்கிறது, வழியில் சேர்ந்த புது ஆட்களோடு. அவித்த சோளமும் உருளைக்கிழங்கும்தான் இருந்தது, போட்டேன். தின்றுவிட்டு வெட்கப்பட்டோ என்னவோ, மறுநாள் வந்து, போதை தெளியாத பிஷப்புக்குப் பதிலாக நுகத்தின் அந்தப் பக்கத்தைத் தாங்களே மாறி மாறிப் பிடித்து என் நிலத்தை உழுது கொடுத்தார்கள். உபதேசியாருக்கு அவர்களோடு வேலை செய்யப் பிடித்திருந்தது. விதைத்தாகிவிட்டது. தொக்காயோ வரப்பில் உட்கார்ந்து வந்தவர் போனவருக்கெல்லாம் அந்த ஒரே கல்லின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆகவே மருமகளே, உன் ட்ரோன் போனதில் எனக்கு வருத்தமில்லை, உனக்கும் வேண்டாம். மாட்டையும் கொடுத்து ஒரு சகோதரனையும் கொடுத்துவிட்டுத்தான் போனது. கன்னி மாதா உன் ஊசி நூல் அறுபடாமல் காக்கட்டும், உன் வீட்டில் பானை நிறைந்திருக்கட்டும், உன் வீட்டுக்காரருக்கு என் அன்பைச் சொல்.

இப்படிக்கு, தன் பெயரைத் தானே எழுதும் உன் மாமா,
எவரிஸ்டோ ரோச்சா

பின்குறிப்பு: இதை மடித்து எடுத்துக்கொண்டு தபாலில் சேர்க்கக் கடைக்குப் போனேன். ஹசிந்தோ ஒரு சின்னப் பெட்டியைக் கொடுத்து, இதுவும் உனக்குத்தான் என்றான். உள்ளே மூக்குக்கண்ணாடி. மேல்பாதியில் தூரம் தெரிகிறது, கீழ்ப்பாதியில் எழுத்து தெரிகிறது. தூரத்தில் இருப்பதெல்லாம் தெரிய நீ அனுப்பியது இதுதான் என்று இப்போது விளங்கியது. மலைக்கு இத்தனை மடிப்பு உண்டென்று எனக்கு யாரும் சொல்லவேயில்லை, டெல்ஃபினா. மேலே ட்ரோனுக்குச் சொன்ன நன்றியை எல்லாம் கண்ணாடிக்கு என்று மாற்றிப் படித்துக்கொள், திரும்ப எழுத விரல் வளையவில்லை.

வீட்டுக்கு வந்து, கோழியைக் கிளப்பிவிட்டு, பெரிய பெட்டியைப் படித்தேன். எவரிஸ்டோ. ரோ. அதற்குப் பிறகு ச்சா இல்லை. ஹாஸ். எவரிஸ்டோ ரோஹாஸ், அக்கரை ஊர். அனுப்பியவர் முகவரி வலென்சியா. மகன் அவரை மறக்கவில்லை. மகன் அனுப்பியதை அவரே கல்லால் அடித்து வீழ்த்திவிட்டார். இந்த இரண்டு செய்தியையும் நாளைக் காலையில் நான் போய்ச் சொல்ல வேண்டும். தொக்காயோவுக்குப் படிக்கத் தெரியாது. நல்லவேளையாக எனக்கு இப்போது தூரத்திலிருந்தே படிக்க வருகிறது. பெட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு, கவண்கல் எட்டாத தூரத்துக்குப் போய் நின்றுகொண்டு, அங்கிருந்து உரக்கப் படித்துச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.