எனது இயூபோனியக் கச்சேரியில் மக்கள் ஓடியது குறித்து

பெரியகல்லாறு,
ஆவணி 2010.

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்கட்கு,

தாங்களும் தங்கள் இல்லத்தாரும் அச்சுக்கூடத்தில் உள்ளோரும் குறைவின்றி இருக்கப் பிள்ளையாரை வேண்டிக்கொண்டு எழுதுவது. இவ்விடம் நானும் என் மனைவி சுலோஜனாவும் நலம். எனது இயூபோனியமும் நலம், ஓரிடத்தில் சிறு நெளிவு மட்டும்.

சென்ற ஞாயிறு தங்கள் பத்திரிகையில் மட்டக்களப்பில் நடந்த என் கச்சேரி பற்றி, “வாசிப்பைத் தாங்கமாட்டாமல் சபையோர் ஓடினர்” என்று தங்கள் நிருபர் எழுதியிருக்கிறார். சபையோர் ஓடியது உண்மை. காரணம்தான் பிழை. இயூபோனியத்தைத் தூம்பு போன்ற ஒரு கருவி என்றும் எழுதியுள்ளார். ஐயா, அது மார்போடு அணைத்து ஊதும் பித்தளை வாத்தியம், அதன் குரல் மனிதக் குரலுக்குக் கிட்டியது. ஆனால் பேண்டுகளில் பின்வரிசையில் இருந்து ட்ரம்பெட்காரரின் பிடரியைப் பார்ப்பதே அதற்கு விதித்தது. பாடசாலையில் பேண்ட் மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்ற நானும், வெளிக் கச்சேரிகளில் அந்தப் பிடரிகளைத்தான் பார்த்து வந்தேன். யுத்தம் முடிந்த கையோடு, கொழும்பிலிருந்து வயலினும் புல்லாங்குழலும் பெருமுரசுமாக ஒரு வாத்தியக் குழு வருகிறது, உள்ளூரிலிருந்து ஒருவர் முன்னுக்கு நின்று தனித்து வாசிக்கலாம், குழு அவருக்குப் பக்கவாத்தியமாக இருக்கும் என்று அறிவித்தார்கள். அந்த ஒருவர் நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. வேறு யாரிடமும் இயூபோனியம் இருக்கவுமில்லை.

அன்று நடந்ததைக் கேளுங்கள். ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் காத்தான்குடி சாலிஹ் நல்ல மனிதர், ஆனால் அவருடையது கல்யாண வீட்டுக் காது. இந்தச் சத்தம் பின்வரிசைக்குப் போகாது மாஸ்டர் என்று சொல்லி, மைக்கைக் கழற்றி வாத்தியத்தின் வாய்க்குள்ளேயே இறக்கிவிட்டுப் போனார். நான் கண்ணை மூடிக்கொண்டு (நல்ல இடம் வந்தால் மூடித்தான் வாசிப்பேன்) ஆகக் கீழான சுரத்தைப் பிடித்து மூச்சு உள்ளவரை நீட்டினேன். அதனோடு பெருமுரசும் மெல்ல மெல்ல உருளத் தொடங்கியது. கூரைத் தகரம் அதிர்ந்தது. வலப் பக்கம் இருந்தவர்கள் எங்கள் கடற்கரை ஆட்கள். கடல் வந்த அந்த நாளிலிருந்து எங்கள் வீடுகளில் அடையாள அட்டையும் காணி உறுதியும் நகையும் போட்ட பை ஒன்று கதவோரம் தயாராக இருக்கும், கச்சேரிக்கும் அதைத் தூக்கிக்கொண்டுதான் வந்திருந்தார்கள். தூரத்தில் முழங்கினால் பையோடு மேற்கே ஓடுவது அவர்கள் பழக்கம். இடப் பக்கம் உன்னிச்சையிலிருந்து உழவு இயந்திரத்தில் வந்த வயற்காரர்கள். முழங்கினால் குப்புறப் படுத்துக் காதைப் பொத்துவது அவர்கள் பழக்கம், ஷெல்லுக்கு அதுதான் வைத்தியம். ஆக, ஒரே சுரத்துக்குப் பாதிச் சபை எழும்பி ஓடியது, பாதிச் சபை நிலத்தில் படுத்தது. மண்டபத்தின் மேற்கு வாசலோ இடப் பக்கம். படுத்துக் கிடந்த ஒருவர் தன்னைத் தாண்டியவரின் காலைப் பிடித்து, “படுங்க, தலையத் தூக்காதீங்க” என்றாராம். அவரோ, “எழும்பி ஓடுங்க, மறுகா ஓட ஏலாது” என்று இவரை இழுத்தாராம். இருவரும் ஒருவரையொருவர் காப்பாற்றப் பார்த்ததில் இடுப்பில் கட்டியிருந்த ஒரு சாரம் கிழிந்தது. சத்தத்தைக் குறைக்க வேண்டிய சாலிஹ் முதல் ஆளாகப் பாய்ந்திருந்தார். கொழும்புக் குழுவுக்கு விஷயம் ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் ஓடுகிறவர்களைக் கண்டால் ஓட வேண்டும் என்று இந்த நாட்டில் எவருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லையே, அவர்களும் வயலின்களோடு பின்கதவால் போய்விட்டார்கள். போகிற வேகத்தில் ஒரு வயலின் பெட்டி இடித்ததுதான் மேலே சொன்ன நெளிவு.

இவ்வளவும் நடக்க நான் வாசித்துக்கொண்டே இருந்தேன். பக்கவாத்தியம் நின்றதும், என் வாசிப்பில் தங்களை மறந்துவிட்டார்கள் என்று நினைத்து இன்னும் உருகி வாசித்தேன். அதைவிட நன்றாக நான் என்றைக்கும் வாசித்ததில்லை, இதை அடக்கத்தோடுதான் சொல்கிறேன். முடித்துக் கண்ணைத் திறந்தால் சோடி பிரிந்த செருப்புகள், உன்னிச்சையாரின் முதுகுகள், முன்வரிசையில் நேரே என்னைப் பார்த்தபடி சுலோஜனா. ஐயா, அவளுடைய தங்கையைக் கடல் கொண்டுபோனது. அன்றிலிருந்து, கடல் வருகிறதாம் என்று யாராவது வாயெடுத்தால் எங்கள் ஊரில் முதலில் ஓடுபவள் அவள்தான். ஒருமுறை சோற்றுப் பானையை அடுப்பில் விட்டுவிட்டு ஓடியிருக்கிறாள். அப்படிப்பட்டவளே அசையாமல் இருந்து கடைசிவரை கேட்டாள் என்றால் அந்த வாசிப்பு எப்படிப்பட்டதாக இருந்திருக்க வேண்டும்? இதற்கு மேல் சாட்சி எனக்குத் தேவையில்லை.

ஆகவே, இரசிக்கத் தெரிந்த ஒருவர் கடைசிவரை இருந்து கேட்டார் என்று அடுத்த இதழில் முதற்பக்கத்தில் திருத்தம் வெளியிடுமாறு வேண்டுகிறேன். தங்கள் பத்திரிகை நாளொரு வாசகராய் வளரவும், தங்கள் நிருபருக்குக் காது திறக்கவும் எங்கள் இருவருடைய ஆசிகள்.

இங்ஙனம்,
இ. வினாயகமூர்த்தி,
இளைப்பாறிய பேண்ட் மாஸ்டர்.

பி.கு.: உறையை ஒட்டுமுன் இதைச் சுலோஜனாவுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டு அவள் சொன்னது இது: “நான் வாசிப்புக் கேட்டுக்கொண்டா இருந்தன்? கடல்தான் வருது எண்டு நானும் நினைச்சன். எழும்பினன், உங்களக் கூப்பிட்டன். நீங்க கண்ண மூடிக்கொண்டு ஊதிக்கொண்டே நிண்டீங்க. மறுகா உங்கள விட்டுட்டு நான் எங்க ஓடுற? இருந்திட்டன்.” முத்திரை ஒட்டியாகிவிட்டதால் மட்டும் இதை அனுப்புகிறேன். அன்று என் வாசிப்பை ஒருவரும் கேட்கவில்லை ஐயா. திருத்தம் வேண்டாம்.