லாந்தர் கம்பவுண்டரும் பதினைந்து பச்சைக் காய்களும்

திருவிதாங்கூர் சமஸ்தானம் முழுவதும் தேடினாலும் புகைப்படத்தில் பிடிக்க முடியாத மனிதர் ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் எங்கள் லாந்தர் கம்பவுண்டர். மூணாறுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கிளார்க்காக இருந்த காலம் அது. ஒருமுறை துரை சீமைக்குப் போகுமுன் ஆபீஸ் ஆட்களை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தார்கள். பதினோரு பேருக்கு முகம் விழுந்தது. பன்னிரண்டாவது இடத்தில் தலைப்பாகை கட்டிய ஒரு புகை நின்றது. ஒரு நிமிஷம் அசையாமல் நிற்க அவரால் ஆகாது.

அவருக்குச் சொந்த ஊர் பாலக்காட்டுப் பக்கம் கொல்லங்கோடு. இரண்டு கட்டிலும் ஒரு மருந்து அலமாரியும் கொண்ட தோட்டத்து ஆஸ்பத்திரி அவர் பொறுப்பில் இருந்தது. நோயாளி வாயில் தெர்மாமீட்டரை வைத்துவிட்டு ஏதோ நினைப்பில் வெளியே நடந்துவிடுவார். அவர் திரும்பி வருவதற்குள் சில காய்ச்சல்கள் காத்திருந்து அலுத்துத் தாமாகவே இறங்கிவிடும்.

அப்படிப்பட்டவரை ஒருநாள் துரைசாணி தன் நாய்க்குக் காலில் கட்டுப் போட பங்களாவுக்கு அழைத்தாள். போனவர் நாயை மறந்து பூந்தொட்டி முன்னால் நின்றுவிட்டார். செடி முழுக்கச் சிவப்புச் சிவப்பாய்க் காகித லாந்தர் மாதிரி கூடுகள். ஒன்றைப் பிய்த்துப் பார்த்தால் உள்ளே ஒற்றைப் பழம். நம் ஊர்ச் சொடக்குத் தக்காளிக்குச் சீமையில் ஒரு பணக்காரச் சித்தப்பா இருந்தால் எப்படி இருப்பார், அப்படி.

"இதத் திங்கலாமுங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

"நோ, நோ! பாய்சன்! பாக்க மட்டும்!" என்றாளாம் துரைசாணி. காயவைத்து ஜாடியில் சொருகத்தான் அவள் அதை வளர்த்தாள். ஆனாலும் கேட்டவருக்கு விதை கொடுத்தாள்.

கம்பவுண்டர் நேரே என் மேஜைக்கு வந்தார். "ஏனுங்க கிளார்க்கு, பாக்க மட்டும்னா ஆண்டவன் எதுக்குங்க உள்ள பழத்த வெச்சான்? வெறுங் கூட்ட மட்டும் தொங்கவிட்டிருக்கலாமுங்கல்ல?"

பதிலை அவரே கண்டுபிடிக்க முடிவு செய்தார்.

முதல் வருஷம் ஆஸ்பத்திரி வாசலில் நாலு செடி. அந்தக் கூடுகளால்தான் அவருக்கு லாந்தர் என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. இரண்டாம் வருஷம் வேர் பூமிக்கடியில் ஓடி, வேலி தாண்டி, மருந்து அறைச் சுவரின் வெடிப்பு வழியாக உள்ளேயே ஒன்று எட்டிப் பார்த்தது. அந்த வருஷம்தான் ஆராய்ச்சி ஆரம்பமாயிற்று. முதல் நாள் நன்றாகப் பழுத்த ஒரே ஒரு பழத்தைத் தின்றுவிட்டு, அரை மணிக்கொருதரம் ஆபீஸுக்கு ஓடி வந்து நாக்கை நீட்டினார்.

"நெறம் மாறியிருக்குதுங்களா? நல்லாப் பாருங்க!"

மறுநாள் இரண்டு. அதற்கு மறுநாள் மூன்று. நான் ரிஜிஸ்டர் பார்த்ததைவிட அவர் நாக்கைப் பார்த்ததுதான் அந்த மாதம் அதிகம். பத்துப் பழம் வரை போய்த் தீர்ப்புச் சொன்னார்.

"பழுத்தது திங்கலாமுங்க. ஆனா எதுக்குத் திங்கோணும்னுதான் தெரியலீங்க. லேசாக் கசக்குது, அப்பறம் ஒண்ணுமே இல்லீங்க."

பச்சைக் காயில் நஞ்சு இருக்கும் என்று, மூணாறிலிருந்து எப்போதாவது குதிரையில் வந்துபோகும் டாக்டர் சொல்லியிருந்ததால் அதை மட்டும் அவர் தொடவில்லை. 'பச்சைக் காயைப் பறிக்காதே' என்று பலகையில் கொட்டை எழுத்தில் எழுதி நட்டுவைத்தார். தோட்டத்தில் அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர்தான். எங்களில் யாரும் மசக்கையாக இல்லை.

பேச்சி இருந்தாள். கொழுந்து பறிக்கும் பெண், நாலு மாதம். அன்று மதியம் ஆஸ்பத்திரிப் பக்கமாகப் போனவள் பச்சைக் கூடுகளைப் பார்த்தாள். ஊரில் தின்ற சொடக்குத் தக்காளிதான் என்று நினைத்துக் கை நிறையப் பறித்துத் தின்றுவிட்டாள். ஒரு மணி நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து விழுந்தாள்.

"எத்தனை தின்னே, அம்மிணி?"

"பதினஞ்சு இருக்கும்யா. எம் புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்லா? சொல்லுங்கய்யா!"

டாக்டரைக் கூப்பிட ஆள் ஓடினான். கம்பவுண்டர் உப்புத் தண்ணீர் கொடுத்து அவளை வாந்தி எடுக்க வைத்தார். அதற்கு மேல் அவருக்கும் ஒன்றும் தெரியாது. கட்டிலுக்கும் வாசலுக்குமாக நடந்தார். பேச்சி கேட்டதையே கேட்டு அழுதாள். அவர் திடீரென்று வெளியே போனார். கை நிறையப் பச்சைக் காயோடு வந்து எங்கள் எதிரிலேயே எண்ணி எண்ணித் தின்ன ஆரம்பித்தார். நான் பாய்ந்து தட்டிவிடுவதற்குள் பதினைந்தும் உள்ளே போய்விட்டது.

"என்னய்யா செய்றீர்? புத்தி கெட்டுப்போச்சா உமக்கு?"

அவர் காதில் வாங்காமல் பக்கத்துக் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் போயிற்று.

"அம்மிணி, எனக்கு இப்பத்தான் வயிறு முறுக்குது. உனக்கு?"

"எனக்கு அது விட்டுட்டுய்யா."

"பாத்தியா? நீ என்னத் தாண்டிப் போய்ட்டே! நெஞ்சு கரிக்குதா?"

"இல்லய்யா."

"எனக்குக் கரிக்குதே!"

அவர் உப்புத் தண்ணீர் குடிக்க மறந்திருந்தார். அவர் முறுக்கிக்கொண்டு புரளப் புரளப் பேச்சி அழுகையை நிறுத்தினாள். பிறகு எழுந்து உட்கார்ந்தாள். பிறகு அவளே உப்பைக் கரைத்து, "வாயத் தொறங்கய்யா, அடம் பண்ணாதிய" என்று அவர் வாயில் ஊற்றினாள். டாக்டர் குதிரையை விட்டு இறங்கி உள்ளே வந்தபோது, பேச்சி முந்தானையால் கம்பவுண்டருக்கு விசிறிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்த டாக்டர் என்னிடம் கேட்டார்: "இதில் நோயாளி யார்?"

இரண்டு நாளில் இருவரும் தேறினார்கள். செடிகளை வேரோடு பிடுங்கச் சொல்லி உத்தரவு வந்தது. கம்பவுண்டரே மண்வெட்டி எடுத்து எல்லாவற்றையும் தோண்டினார். மாதம் நிறைந்து பேச்சிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அது அழுத அழுகை தொழிற்சாலைச் சங்குக்குப் போட்டியாகக் கேட்டது.

மிச்சம் இருந்தது ஒன்றுதான். கம்பவுண்டர் ஏன் அந்தக் காயைத் தின்றார் என்று துரை எழுத்தில் விளக்கம் கேட்டிருந்தார். இங்கிலீஷில் எழுத வேண்டியவன் நான். காரணம் என்ன போடட்டும் என்று அவரைக் கேட்டேன்.

"அந்தப் புள்ள ஒண்டியாப் பயந்துக்கிட்டுக் கெடந்துதுங்க. கூட ஒரு ஆள் இருந்தாத் தெம்புங்கல்ல?" என்றார்.

துரைக்கு அது புரியாது, வேலை போய்விடும் என்று பயந்து, 'மருத்துவப் பரிசோதனை நிமித்தம்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன். இன்றைக்கு எழுதுவதாக இருந்தால் அவர் சொன்னதையே எழுதுவேன்.