தகப்பன் தயாரான கதை

என் மகளின் வளரிளம் பருவத்தை இனி நானே முன்னின்று நடத்தி வைப்பது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு முடிவெடுத்தேன்.

காரணம், ஒரு கதவு. நான் பூட்டுக்காரன். சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நிற்கிறவர்களுக்கு மூன்று நிமிடத்தில் கதவைத் திறந்து கொடுப்பேன். என் வீட்டிலோ, பன்னிரண்டு வயது முடிந்த மகள் சில மாதமாகத் தன் அறைக் கதவைச் சாத்தியே வைத்திருந்தாள். தட்டினால், "என்னப்பா?" என்று ஒரே ஒரு சொல். முன்பெல்லாம் நான் வந்ததும் பையைப் பிடுங்கிச் சாவிகளைக் கொட்டி விளையாடியவள். கம்பி விட்டால் திறந்துவிடும்தான். ஆனால் இது கம்பி விட்டுத் திறக்கிற கதவு இல்லை என்று தெரிகிற அளவுக்கு எனக்கும் புத்தி உண்டு.

சமையலறையில் போய் மனைவியிடம் அறிவித்தேன்.

"அவகிட்ட நான் பேசப்போறேன்."

"எதைப் பத்தி?"

"அதைப் பத்திதான்."

"எதைப் பத்தி?"

"அதான்… பொம்பளைப் பிள்ளைங்களுக்கு ஒரு வயசுல வருமே, அது."

"கோபமா?"

"அது உனக்கு எல்லா வயசுலயும் வருது. நான் சொல்றது வேற."

மனைவி வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தாராளமா பேசுங்க. நான் குறுக்க வரல."

இத்தனை சுலபமாக அவள் எதற்கும் ஒப்புக்கொண்டதே இல்லை. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

வெறும் கையோடு போய்ப் பேசிவிட முடியுமா? சுகாதார நிலையத்தில் பெற்றோருக்கு வகுப்பு நடப்பதாகக் கேள்விப்பட்டு, அடுத்த சனிக்கிழமை போனேன். முப்பது அம்மாக்கள். ஒரே அப்பா நான். டாக்டரம்மா சுவரில் படம் மாட்டினார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். பார்த்தபடியே பதினொரு பக்கம் குறிப்பெடுத்தேன்.

மறுநாள் காலை மகளின் கதவைத் தட்டினேன். திறந்தாள். உட்காரச் சொல்லி நாற்காலி கூடப் போட்டாள். குறிப்பைப் பிரித்து ஒரே மூச்சில் படித்தேன். உடம்பு வளரும். மனசு மாறும். அது வரும். வந்தால் பயப்படக் கூடாது. இருபத்தெட்டு நாளில் அது மறுபடி வரும்.

என் சட்டை நனைந்துவிட்டது. அவள் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"எல்லாருக்கும் கரெக்டா இருபத்தெட்டு இல்லப்பா. ஆரம்பத்துல முன்னப்பின்ன இருக்கும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு வந்து நாலு மாசம் ஆச்சேப்பா."

சமையலறைக்கு ஓடினேன்.

"நாலு மாசமா ஏன் என்கிட்ட சொல்லல?"

"அவளை ரெண்டு வருஷம் முன்னாடியே உட்கார வெச்சுச் சொல்லித் தயார் பண்ணிட்டேன். உங்களைத் தயார் பண்ணத்தான் நேரம் கிடைக்கல."

"நானும் தகப்பன்டி. நானும் ஏதாவது செய்யணும்ல?"

"செய்யுங்களேன். நாப்கின் தீர்ந்துபோச்சு. போய் வாங்கிட்டு வாங்க."

நிமிர்ந்து நடந்தேன். தெருமுனைக் கடை வரைக்கும் நிமிர்ந்துதான் நடந்தேன்.

"என்ன சார் வேணும்?" என்றார் கடைக்கார அம்மா.

பின்னால் ஒருவர் நின்றிருந்தார். "ஒரு சோப்பு" என்றேன். அவர் போகட்டும் என்று பார்த்தால், இன்னொருவர் வந்து நின்றார். "ஒரு மெழுகுவத்தி" என்றேன். இவர் போய்ப் பள்ளிக்கூட வாத்தியார் வந்தார். "இன்னொரு சோப்பு."

கடைக்கார அம்மா குனிந்து, காகிதத்தில் சுற்றித் தயாராக வைத்திருந்த பொட்டலம் ஒன்றை எடுத்துச் சோப்புகளின் பக்கத்தில் வைத்தார்.

"உங்க பொண்ணு இப்பத்தான் போன் பண்ணுச்சு சார். 'அப்பா வருவாரு, வாயத் திறந்து கேக்க மாட்டாரு, வரிசையா சோப்பு வாங்குவாரு, மூணாவது சோப்பு கேக்குறதுக்குள்ள இதைக் குடுத்து அனுப்பிடுங்க, பாவம்'னு சொல்லுச்சு."