கேள்வி கேட்காத கார் சங்கம்

பழைய கார் சங்கத்தில் எழுதப்படாத விதி ஒன்றே ஒன்றுதான்: அடுத்தவர் வண்டியைப் பற்றிக் கேள்வி கேட்கக் கூடாது. ஏன் நின்றது, என்ன சத்தம், கதவை எதற்காகக் கயிற்றால் கட்டியிருக்கிறீர்கள், எதையுமே கேட்கக் கூடாது. நாற்பது ஆண்டுகள் கேள்விகளுக்கு நடுவே வாழ்ந்து ஓய்வுபெற்ற ஒரு நீதிபதி தலைவராக இருக்கும் சங்கத்தில் இப்படியொரு விதி உருவானதில் வியப்பில்லை.

சென்ற ஆண்டு நீதிபதியின் சாம்பல்நிறக் கார் ஒரு சிமென்ட் கிடங்கின் மதிலோரம் நின்றுவிட்டது. பின்னால் வந்த எட்டு வண்டிகளும் வரிசையாக நின்றன. இறங்கியவர்கள் இரண்டு மணி நேரம் மதிலைப் பாராட்டினார்கள்.

"நல்ல சுவரு," என்றார் பேக்கரிக்காரர்.

"நேரா எழுப்பியிருக்காங்க," என்றார் பல் டாக்டர். வாயைத் திறந்து வைத்திருப்பவர்களிடம் நாள் முழுவதும் கேள்வி கேட்டு, ஒரு பதிலும் பெறாமல் வீடு திரும்புகிறவர் அவர். வாரம் ஒரு நாள் கேட்காமலே இருப்பது அவருக்குப் பெரிய ஓய்வு.

இந்த விதியை மிகவும் மெச்சியவர், சங்கத்தில் 'ப்ரூஃப் சார்' என்று அழைக்கப்பட்ட பிழைதிருத்துநர். பதிப்பகத்தில் ஆயிரம் பக்க நூலில் ஒரு புள்ளி விடுபட்டிருந்தாலும் தேடிப் பிடித்துவிடும் கண் அவருடையது.

அந்தக் கண்தான், இந்த ஆண்டுப் பயணம் ஒன்றில், ஊரிலிருந்து முப்பத்தெட்டாவது கிலோமீட்டரில், பின் இருக்கையில் மனைவி இல்லை என்பதைக் கண்டுபிடித்தது.

"அதோ பாரு, ஏரி!" என்று சொல்லி முழுதாகத் திரும்பியபோதுதான் கண்டது. பின் இருக்கையில் மனைவியின் கைப்பை இருந்தது. அவளுடைய தலையணை இருந்தது. இரண்டுக்கும் இடையே, ஒரு வாக்கியத்தில் எழுவாய் விழுந்துபோனதைப் போல், வெற்றிடம் இருந்தது.

இது சாதாரண நாளாக இருந்திருந்தால் பரவாயில்லை. பன்னிரண்டு ஆண்டுகளில் மனைவி முதன்முறையாகச் சங்கப் பயணத்துக்கு ஒப்புக்கொண்ட நாள் அது. அவள் தையல் வகுப்பு நடத்துபவள். கூடத்தில் ஆறு மெஷின்கள், பதினெட்டு மாணவிகள், நடக்க இடமில்லை. ஷெட்டிலோ இவருடைய பச்சைக் கார் கால்நீட்டிப் படுத்திருந்தது.

"ஒரே ஒரு தடவை வந்து பாரு," என்று இவர் கெஞ்சினார்.

"வர்றேன். பிடிச்சிருந்தா வண்டி இருக்கட்டும். பிடிக்கலைன்னா ஷெட்டு எனக்கு, வண்டி யாருக்கு வேணா. சம்மதமா?"

"சம்மதம்."

அன்று காலை எல்லாம் நன்றாகத்தான் தொடங்கியது. நெடுஞ்சாலைக்கு அருகில் இருந்ததால் ஒன்பது வண்டிகளும் இவர் வீட்டு வாசலிலிருந்தே புறப்பட்டன. மனைவி பையையும் தலையணையையும் பின்னால் வைத்து ஏதோ சொன்னாள். பானெட்டுக்குள் தலையை விட்டு இஞ்சினைக் கேட்டுக்கொண்டிருந்த இவர், "ம், சரி," என்றார். வழக்கமாக அவள் பூட்டும் வாசற்கதவை அன்று ஒரு மரியாதைக்காக இவரே பூட்டினார். இரண்டு முறை இழுத்தும் பார்த்தார். வண்டிகள் நகர்ந்தபோது சங்கத்தார் அனைவரும் இவர் வீட்டுப் பக்கம் பார்த்துப் பணிவோடு கையசைத்தார்கள். பன்னிரண்டு வருட உறுப்பினருக்கு இவ்வளவு மரியாதை வருவது இயல்புதான் என்று நெகிழ்ந்தார்.

முன் இருக்கையை ஸ்பானர் பெட்டியும் தண்ணீர் கேனும் அடைத்திருந்தன. பின்பார்வைக் கண்ணாடி ஓட்டத்தில் நடுங்கி, கூரைத் துணியை மட்டுமே காட்டியது. ஆகவே சாலையைப் பார்த்தபடியே, தோளுக்குப் பின்னால் குரலை அனுப்பி, வண்டியின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டு வந்தார். கார்புரேட்டரைப் பற்றி மட்டும் பதினொரு கிலோமீட்டர் பேசினார். மனைவி ஒரு இடத்திலும் குறுக்கிடவில்லை. 'போதும்' என்றுகூடச் சொல்லவில்லை. முப்பது ஆண்டு மணவாழ்வில் இப்படி நடந்ததே இல்லை.

'பிடிச்சுப்போச்சு அவளுக்கு,' என்று நினைத்தார். கண் கலங்கியது.

இப்போது பிரேக்கை மிதித்தார். வண்டி நின்றது. பின்னால் பல் டாக்டரின் வண்டி நின்றது. முன்னால் போனவர்கள் கண்ணாடியில் பார்த்து ஒவ்வொருவராக நின்றார்கள். ஐந்தே நிமிடத்தில் சங்கம் முழுவதும் ஏரிக்கரையில் இறங்கி, ஏரியைப் பாராட்டத் தொடங்கிவிட்டது.

"நல்ல ஏரி," என்றார் பேக்கரிக்காரர்.

"தண்ணியும் இருக்கு," என்றார் நீதிபதி.

பிழைதிருத்துநர் டிக்கியைத் திறந்து தன் ஃபோனை எடுத்தார். கார்கள் பிறந்த காலத்தில் ஃபோன் கையில் இருந்ததில்லை என்பதால் பயணத்தில் அதை டிக்கியில் போடுவது சங்க வழக்கம். திரையில் பதினேழு தவறிய அழைப்புகள். எல்லாமே மாடிவீட்டுக்காரர். வண்டி கிளம்பும் ஒவ்வொரு முறையும் புகையைப் பற்றிச் சண்டைக்கு வருகிற மனிதர் அவர். 'இன்னைக்கு ஒன்பது வண்டிப் புகை. பதினேழு தடவை திட்டாம என்ன செய்வார்,' என்று அந்த எண்ணை ஒதுக்கிவிட்டு மனைவிக்கு அடித்தார்.

பின் இருக்கையில் கைப்பை பாடியது.

அணைத்தார். கைப்பை நின்றது. நம்பமுடியாமல் மறுபடியும் அடித்தார். கைப்பை மறுபடியும் பாடியது. பின்னால் நின்ற பல் டாக்டர் இதைப் பார்த்துவிட்டு, கடைவாய்ப்பல்லைப் பிடுங்கியே ஆகவேண்டிய ஒருவரைப் பார்ப்பதுபோல் பரிவோடு அருகே வந்தார்.

"தண்ணி குடிங்க சார். ஆசுவாசமா இருங்க," என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

வழியில் நின்ற ஒரே இடம் பெட்ரோல் பங்க். அங்கேதான் இறங்கியிருக்கிறாள், இவர் கவனிக்காமல் வந்துவிட்டார். அவளை ஒரு மணி நேரத்துக்குள் சமாதானப்படுத்தி ஏற்றிவிட்டால் வண்டி பிழைக்கும். ஆனால் மனைவியை மறந்துவிட்டு வந்தவர் என்ற செய்தி சங்கத்துக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் அடுத்த பயணத்தில் யாராவது அவளிடம் சொல்லிச் சிரிப்பார்கள். யோசித்தார். கேட்காதவர்களிடம் தானாக ஒரு பொய் சொன்னார்.

"வழியில ஒரு சாமான் விழுந்துடுச்சு போல. போய்ப் பாத்துட்டு வந்துடறேன்."

சங்கத்தின் இரக்கத்தை அவர் குறைத்து எடைபோட்டுவிட்டார். சாமான் விழுந்தது என்றால் அது எல்லோருக்கும் பொதுவான துயரம். நீதிபதி தொப்பியைச் சரிசெய்துகொண்டு சாலையில் நடந்தார். பின்னாலேயே பன்னிரண்டு பேர், தலைகுனிந்து, இரண்டு ஓரங்களையும் சல்லடைபோட்டுத் தேடிக்கொண்டு நடந்தார்கள்.

தேடியதில் கிடைக்கவும் செய்தது. ஒரு சக்கர மூடி, இரண்டு போல்ட், பித்தளைக் கைப்பிடி ஒன்று, சைலன்சரின் கடைசிச் சாண். எல்லாமே சூடாக இருந்தன.

"இதுல உங்களுது இருக்கும்," என்று நீதிபதி அவற்றைப் பானெட்டின் மேல் பரப்பினார்.

ஒன்றுகூடப் பச்சைக் காருடையது அல்ல. சங்கத்தார் அவற்றைப் பார்த்தார்கள். பிறகு ஏரியைப் பார்த்தார்கள். 'இது என்னுடையது' என்று சொல்வது, தன் வண்டி வழியெல்லாம் உதிர்கிறது என்று ஒப்புக்கொள்வதாகிவிடும். பேக்கரிக்காரரின் வண்டியில் வலப்பக்கக் கதவுக்குக் கைப்பிடி இல்லை என்பதை எல்லோரும் பார்த்தார்கள். பேக்கரிக்காரரும் பார்த்தார்.

"எல்லாமே என்னோடதுதான்," என்றார் பிழைதிருத்துநர், வேறு வழியில்லாமல்.

அதுதான் தவறாகிப்போனது. இவ்வளவு சாமான் விழுந்த வண்டியைச் சும்மா விட முடியுமா? பேக்கரிக்காரர் சட்டைக் கையை மடித்தார். நான்கு பேர் பானெட்டுக்குள் இறங்கினார்கள். கடிகாரம்போல் ஓடிக்கொண்டிருந்த இஞ்சினிலிருந்து கார்புரேட்டரைக் கழற்றி, செய்தித்தாளின் மேல் குடும்பத்தோடு உட்கார வைத்தார்கள்.

"ஐயோ, அது நல்லாத்தான் இருந்துது!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க," என்றார் பேக்கரிக்காரர் கனிவாக.

இனி தன் வண்டி நகராது. பிழைதிருத்துநர் பேக்கரிக்காரரைக் கைபிடித்து ஓரமாக இழுத்தார்.

"உங்க வண்டியில என்னை அந்தப் பெட்ரோல் பங்க்குல கொண்டுபோய் விடணும். முக்கியமான ஒண்ணை அங்க விட்டுட்டேன்."

பேக்கரிக்காரரின் வண்டி முப்பது கிலோமீட்டர் வேகத்தில் திரும்பிப் போனது. விதி விதிதான், அவர் எதையும் கேட்கவில்லை. அனுமானங்களை மட்டும் காற்றில் விட்டுக்கொண்டு வந்தார்.

"பழைய சாமானா இருக்கும்."

"முப்பது வருஷம் ஆச்சு."

"அப்ப மாத்து கிடைக்காது."

"கிடைக்காது சார்," என்றார் பிழைதிருத்துநர். அப்போதுதான் அது எவ்வளவு உண்மை என்று உறைத்தது.

பங்க்கில் பெட்ரோல் போடும் பெண், இவரை அடையாளம் கண்டுகொண்டாள்.

"எங்க வீட்டம்மா இங்க இறங்கினாங்களாம்மா?"

"எந்த அம்மாவும் இறங்கலையே சார்."

"நல்லா யோசிச்சுப் பாரும்மா."

"சரி, என்ன கலர்ல போட்டிருந்தாங்க? ஆளுங்களை விசாரிக்கிறேன்."

"அடர் பச்சை," என்றார் தயங்காமல். "ஓரத்துல மெல்லிசா ஒரு வெள்ளைக் கோடு. பின்னாடி மட்டும் லேசா ஒரு நசுங்கல்..."

பில் புத்தகத்தின் ஓரத்தில் குறித்துக்கொண்டிருந்த அவள், எழுதுவதை நிறுத்தினாள்.

"சார், அது உங்க கார்."

மனைவி என்ன நிறத்தில் உடுத்தியிருந்தாள் என்பது அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை. பெண்கள் கழிப்பறையின் கதவைத் தட்டி, "கோவமா இருந்தா வெளிய வந்து திட்டு," என்று உருக்கமாக வேண்டினார். கதவு திறந்தது. லாரி ஓட்டும் ஒரு பெண்மணி வெளியே வந்து, முன்பின் தெரியாதவர் என்று பாராமல் அந்த வேண்டுகோளை முழுமையாக நிறைவேற்றினாள்.

ஏரிக்கரைக்குத் திரும்பியபோது அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். அவள் பங்க்கில் தவறுதலாக இறங்கவில்லை. கார்புரேட்டர் அத்தியாயத்தின் நடுவில் எங்கேயோ, பொறுக்கமுடியாமல், மெதுவாகப் போய்க்கொண்டிருந்த வண்டியிலிருந்து கதவைத் திறந்துகொண்டு நடந்தே போயிருக்கிறாள். முப்பது கிலோமீட்டர் வேகத்தில் அது முடியாத காரியமல்ல. மேட்டில் ஏறும்போது சுலபம்கூட.

சங்கத்தாரின் நடுவில் போய் நின்றார்.

"எல்லாரும் கேளுங்க. சாமான் எதுவும் விழலை. நான் பொய் சொன்னேன். என் மனைவியைக் காணோம்."

ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. நீதிபதி தொப்பியைக் கழற்றினார். அவர் தொண்டையில் நாற்பதாண்டுக் கேள்விகள் முட்டிக்கொண்டு நிற்பதும், அவர் விழுங்குவதும் வெளிப்படையாகவே தெரிந்தன.

"கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா. நியாயம்தான். பன்னிரண்டு வருஷமா அவ சொன்னது எதையும் நான் காதுல வாங்கினதே இல்லை. காலையிலகூட ஏதோ சொன்னா. என்னன்னே தெரியாம 'சரி'ன்னேன்." குரல் உடைந்தது. "அவ போட்டிருந்த கலர் தெரியலை எனக்கு. இந்த வண்டியில ஒவ்வொரு போல்ட்டும் தெரியும். போதும். வண்டி வேணாம். ஷெட்டு அவளுக்கு. உங்க எல்லார் முன்னாடியும் சொல்றேன், யாருக்கு வேணுமோ எடுத்துக்குங்க."

மரியாதைக்குரிய ஒரு மௌனம் நிலவியது. அதன் நீளம் ஏறக்குறைய இரண்டு நொடி.

"எனக்கு அந்தப் பச்சை ரொம்ப நாளாப் பிடிக்கும்," என்றார் பேக்கரிக்காரர்.

பிழைதிருத்துநர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சட்டைப் பையில் கைவிட்டுச் சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். பேக்கரிக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது வீட்டுச் சாவி மாதிரி இருக்கு சார்."

பல் டாக்டர் எட்டிப் பார்த்தார். சாவியைப் பார்த்தார், பிழைதிருத்துநரைப் பார்த்தார். பிறகு, கைப்பையும் தலையணையும் மட்டுமே இருந்த அந்தப் பின் இருக்கையைப் பார்த்தார். பன்னிரண்டு ஆண்டுகளில் சங்கத்தில் யாரும் செய்யத் துணியாததைச் செய்வதற்காக வாயைத் திறந்தார்.

"மன்னிக்கணும் சார், கேக்கக் கூடாதுதான்... காலையில நீங்க கதவைப் பூட்டிட்டு வந்து வண்டியில ஏறினப்போ, வீட்டுக்குள்ளேயிருந்து ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு எங்க எல்லாருக்கும் வேகவேகமா கையாட்டினாங்களே ஒரு அம்மா, அவங்க யாரு?"