கடைவாய்ப் பல்லும் கடைசி டோக்கனும்

"நாலாம் நம்பர்!"

நர்ஸ் கதவிடுக்கில் தலையை மட்டும் நீட்டிக் கூப்பிட்டதும் லிஃப்ட் மெக்கானிக் கையிலிருந்த டோக்கனை இன்னொரு தடவை பார்த்தார். நாலேதான்.

பதினாலாவது மாடியில் ஒற்றைக் கயிற்றில் தொங்கிக்கொண்டு நட்டு முடுக்குகிற மனுஷன். அங்கே வராத பயமெல்லாம் சேர்த்துவைத்து இந்தப் பல் ஆஸ்பத்திரியில் வந்துவிட்டது. உள்ளேயிருந்து 'விர்ர்' என்று ஒரு சத்தம். யாரோ 'ஆ' என்றார்கள். அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

இடது கன்னம் பன் மாதிரி உப்பியிருந்தது. நாலு நாளாகச் சோறும் இல்லை, தூக்கமும் இல்லை. காலையில் மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள். "இன்னிக்கு அந்தப் பல்லு வெளிய வரணும். இல்லேன்னா நீங்க வீட்டுக்குள்ள வர வேணாம்."

எழுந்து நின்றார். அந்த நேரம் பார்த்து ஒரு பெரியவர் தாடையைப் பிடித்தபடி உள்ளே வந்தார். கையில் ஒன்பதாம் நம்பர். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது மெக்கானிக்குக்கு.

"ஐயா, நீங்க போங்க. நான் மெதுவாப் போறேன்" என்று டோக்கனை மாற்றிக்கொண்டார்.

"உங்களை மாதிரி ஆளுங்க இருக்கறதாலதான் இன்னும் மழை பெய்யுது தம்பி" என்றார் பெரியவர்.

பக்கத்தில், தூண் மறைவு நாற்காலியில் இருந்தவர் மட்டும் சந்தோஷப்படவில்லை. முப்பது வயது இருக்கும். ஒரு பையை மடியில் இறுக்கிக்கொண்டு, நெற்றியெல்லாம் வியர்வையாக உட்கார்ந்திருந்தார்.

"எதுக்கு சார் விட்டுக் குடுத்தீங்க? நீங்களே போயிருக்கலாமே!" என்றார் கெஞ்சுகிற குரலில்.

முன்பின் தெரியாத ஆளுக்கு நம் மேல் இவ்வளவு அக்கறையா என்று மெக்கானிக் நெகிழ்ந்துபோனார்.

ஒன்பதைக் கூப்பிட்டார்கள். மெக்கானிக் சுற்றுமுற்றும் பார்த்தார். பேங்க்கில் வேலை செய்கிற அம்மாள் ஒருத்தி நிமிஷத்துக்கு ஒரு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போதாதா? ஒன்பதைக் கொடுத்துப் பதினாலை வாங்கிக்கொண்டார்.

நல்ல பெயர் நாலு பேர் காதில் விழுந்தால் சும்மா இருக்குமா? பதினாலைக் கூப்பிடுவதற்குள் ஒரு வாத்தியார் நேராக வந்து நின்றார்.

"விட்டுக் குடுக்கறவரு நீங்கதானே?"

பதினாலும் போய், கையில் பதினேழு வந்தது. அன்றைக்கு அதுதான் கடைசி டோக்கன்.

நர்ஸ் மறுபடி தலையை நீட்டினாள். "டாக்டரம்மா ஒரு மணிக்குக் கிளம்பிடுவாங்க. அதுக்கு மேல இருக்கறவங்களைப் புது டாக்டர் பாப்பாரு. இன்னிக்குத்தான் சேர்ந்திருக்காரு. இங்கதான் முதல் பல்லு பிடுங்கப் போறாரு."

மெக்கானிக் கையிலிருந்த பதினேழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டாக்டரம்மா கை பூ மாதிரி என்று ஊரே சொல்லும். முதல் பல் பிடுங்குகிறவன் கை எப்படி இருக்கும்? தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும் என்று பெரியவர்கள் பல்வலியோடு உட்கார்ந்துதான் சொல்லியிருப்பார்கள் போலிருக்கிறது.

பக்கத்து ஆள் அவரைவிட வெளுத்துப்போனார். "எந்தப் பல்லு சார்?"

"கீழ்க் கடைவாய்."

"ஐயோ! வேர் வளைஞ்சிருக்குமே" என்று எழுந்தவர், பதினாறாம் நம்பரை வைத்திருந்த பஸ் டிரைவரிடம் ஓடினார். "அண்ணே, இவரை முன்னாடி விட்டுடுங்கண்ணே. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"ஏன், என்னுது மட்டும் பொம்மைப் பல்லா?" என்றார் டிரைவர். கூப்பிட்டதும் உள்ளே போய்விட்டார்.

தோற்றுப்போன ஆள் ஒரு டம்ளர் தண்ணீரோடு திரும்பி வந்தார். கை நடுங்கியதில் பாதித் தண்ணீர் மெக்கானிக்கின் சட்டையில் விழுந்தது.

ஒரு மணிக்கு டாக்டரம்மா கைப்பையோடு படியிறங்கிப் போனார். டிரைவரும் வாயில் பஞ்சோடு போய்விட்டார். கூடத்தில் இவர்கள் இரண்டு பேரும், அந்தக் கோடியில் தரை துடைக்கிற அம்மாவும்தான் மிச்சம். விளக்கு எரியாத இன்னொரு அறையின் கதவு பாதி திறந்திருந்தது. மெக்கானிக்குக்கு ஓடிவிடலாமா என்று இருந்தது. ஆனால் பக்கத்து ஆளின் கண்ணில் நீர் தளும்பி நின்றது. தன்னைவிடப் பயந்தவனைப் பார்த்தால் யாருக்கும் கொஞ்சம் வீரம் வந்துவிடும்.

"தம்பிக்கு இது முதல் தடவையா?"

"ஆமா சார்."

"எனக்கும்தான். கையைக் குடுங்க." அந்தச் சில்லிட்ட கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். "முதல் நாள் நான் கயிறுல தொங்கினப்ப எனக்கும் இப்படித்தான் நடுங்குச்சு. நடுங்கினா நடுங்கட்டும். பிடியை மட்டும் விடக் கூடாது."

"விடக் கூடாது" என்று அவர் பாடம் மாதிரி ஒப்பித்தார்.

"ரொம்பப் பயமா இருந்தா கண்ணை மூடிக்குங்க."

"மூடிக்கலாமா சார்?"

"தாராளமா! மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சிடும். நானே முதல்ல போறேன். அப்ப உங்களுக்கும் தைரியம் வந்துடும்."

"நீங்க தெய்வம் சார்" என்றார் அவர்.

நாலு நாளில் முதல் தடவையாக மெக்கானிக்குக்குப் பல் வலி மறந்திருந்தது. தரை துடைத்துக்கொண்டே அந்த அம்மா இவர்கள் காலடிக்கு வந்து நிமிர்ந்தாள்.

"காலைக் கொஞ்சம் தூக்குங்க டாக்டர். உங்களைக் காணோம்னு சிஸ்டர் மாடியெல்லாம் தேடிக்கிட்டு இருக்காங்க. பேஷண்ட் கையைத்தான் பிடிச்சுக்கிட்டு இருக்கீங்களே, அப்படியே உள்ள கூட்டிட்டுப் போயிடுங்க!"