ஒரு நாளைக்கு மூன்று கரண்டி

கட்டிலிலிருந்து இறங்க இந்திரகுமாருக்கு இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். வீட்டில் இருந்தது மனைவி புஷ்பவதி ஒருத்திதான்.

"ஒரு வாரம் ஓடினதுக்கே இப்பிடியா?"

"தசை வளருது. ஒனக்கு வெளங்காது."

எல்கடுவ தோட்டத்து ஆபீஸ் கிளாக்கரான இந்திரகுமாருக்கு வயது முப்பத்தெட்டு. போன சித்திரைப் புத்தாண்டு ஓட்டத்தில், அவருக்குக் கீழே வேலை செய்யும் டிலக்சன் முதலாவதாக வந்தான். அவரோ பாதி வழியில் தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்றிலிருந்து ஆபீசில் தன்னை யாரும் மதிப்பதில்லை என்று அவருக்கு மனக்குறை. அதற்கு முன்பும் யாரும் மதித்ததில்லை என்பது அவருக்குத் தெரியாது.

மாத்தளை டவுனுக்குப் போய், பவாஸ் கடையில் புரோட்டீன் பவுடர் ஒரு டின் வாங்கினார்.

"ஒரு நாளைக்கு ஒரு கரண்டி போதும் சேர்," என்றான் பவாஸ்.

"அப்ப மூணு கரண்டி போட்டா மூணு மடங்கு பலம்தானே?"

மூன்று நாள் வயிறு பொருமியது. கக்கூசுக்கு ஓடிய ஓட்டத்தில் மட்டும் நல்ல வேகம் இருந்தது.

ரோட்டில் வேகம் குறைந்தது. பயிற்சி போதவில்லை என்று மாலையிலும் ஓடினார். இன்னும் குறைந்தது. கொழுப்புத்தான் காரணம் என்று சோற்றை நிறுத்தினார். தலை சுற்றியது. பவாஸிடம் போய், உசுப்பேற்றும் சிவப்புப் பவுடர் ஒன்றை வாங்கிக் குடித்தார். நெஞ்சு படபடத்தது, தோலெல்லாம் எறும்பு ஊர்ந்தது, தூக்கம் போயே போய்விட்டது.

தோட்டத்து டிஸ்பென்சரி மருந்தாளர் நாகமுத்து அவரை உட்காரவைத்துப் பார்த்தார்.

"கிளாக்கரய்யா, ஓடுறப்ப ஒடம்பு தேயும். படுக்குறப்பதான் தேறும். சோறும் பருப்பும் சாப்பிட்டு, பத்து நாள் சும்மா இருங்க."

"ஒங்களுக்கு நம்ம விஞ்ஞானம் தெரியாது," என்று சொல்லிவிட்டு, இந்திரகுமார் அன்றைக்கே இரண்டு தடவை மலை ஏறி இறங்கினார்.

இந்த வருஷப் புத்தாண்டு ஓட்டத்தன்று கன்னம் ஒட்டி, கண் குழி விழுந்து, இரண்டு வார நரைத் தாடியோடு வந்து நின்றார். பெயர் பதியும் மேசையில் இருந்த வெளியூர்ப் பிள்ளை கிருஷாந்தினி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பெயரை மட்டும் கேட்டு, நெஞ்சில் இலக்கத்தைக் குத்திவிட்டாள்.

விசில் ஊதியது. ரோட்டோரம் டிலக்சன் கைகட்டி நின்றான். 'பயந்துட்டான்!' என்று இந்திரகுமாருக்குப் புல்லரித்தது. கண்ணுக்குள் பூச்சி பறந்ததில் தன்னோடு ஓடுகிறவர்கள் யாரென்று தெரியவில்லை. முன்னால் இரண்டே இரண்டு முதுகுகள். பின்னால் யாரோ இருமிக்கொண்டு வந்தார்.

மூன்றாமிடம்! புல்லில் மல்லாந்து விழுந்தார்.

"பாத்தியா புஷ்பா? எல்லாம் பவுடரோட வேல! இனிமே நாலு கரண்டி!"

புஷ்பவதி தலையில் கை வைத்தாள்.

அதற்குள் சான்றிதழோடும் பேனையோடும் கிருஷாந்தினி வந்து, அவர் காதருகே குனிந்து சத்தமாகக் கேட்டாள்:

"தாத்தா, அறுபதுக்கு மேற்பட்டவங்க ஓட்டம்னு எழுதிட்டேன்... சரியான வயசு எத்தன, எழுபது இருக்குமா?"